மலக்குழி மரணம் குழாய் பதிக்கும் நாளிலேயே தொடங்குகிறது

மலக்குழியில் ஒரு தொழிலாளி இறந்தபின் நம் பொதுவெளியில் எழும் சொற்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில் வருகின்றன: விஷவாயு, பாதுகாப்புக் கருவி, ஒப்பந்ததாரர் கைது, இழப்பீடு, குடும்பத்தில் ஒருவருக்கு வேலை. இவை ஒவ்வொன்றும் போராடிப் பெற்ற கோரிக்கைகள்; இவற்றில் ஒன்றையும் நாம் விட்டுக்கொடுக்க இயலாது. எனினும், இவை அனைத்தும் இறப்புக்குப் பிறகு தொடங்கும் உரையாடல்கள். அத்தொழிலாளி அந்தக் குழிக்குள் இறங்க நேர்ந்ததற்கான முடிவு பல ஆண்டுகளுக்கு முன்பே வேறோர் இடத்தில் எடுக்கப்பட்டுவிடுகிறது. எந்தக் குழாயை வாங்குவது, எவ்வளவு விட்டம், எவ்வளவு வாட்டம், எத்தனை மீட்டருக்கு ஒரு சேம்பர், குழாய்க்கு அடியில் மணல் இடுவதா வேண்டாமா என்று ஒப்பந்தப்புள்ளித் தாளிலும் தோண்டிய பள்ளத்திலும் எடுக்கப்படும் முடிவுகள் அவை. பொறியியல் விவரம் என்று கருதி தலித் அரசியல் இதுவரை பெரும்பாலும் கடந்து சென்ற இந்த இடத்தைப் பற்றியே இங்கு நாம் பேச விரும்புகிறோம். அதற்கு ஜூஜுவாடி பொருத்தமான ஊர்.

எல்லையில் ஒரு தொழில் நகரம்

பெங்களூரிலிருந்து 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அத்திப்பள்ளியைக் கடந்ததும் தமிழ்நாட்டுக்குள் முதலில் வருவது ஜூஜுவாடி. சரக்கு வாகன ஓட்டுநர்களுக்கு அது சோதனைச்சாவடியின் பெயர். தொழிலாளர்களுக்கு அது சிப்காட்டின் பெயர். 1971-இல் சிப்காட் நிறுவனம் உருவாக்கப்பட்டதை அடுத்து, ஓசூரை ஒட்டிய விவசாய நிலங்கள் தொழிற்பேட்டையாயின. 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. தனி ஊராட்சியாக இருந்த ஜூஜுவாடி ஓசூரின் நகர எல்லைக்குள் சேர்க்கப்பட்டது. 2019-இல் ஓசூர் மாநகராட்சியானது.

ஊராட்சி மாநகராட்சியானதும் வரி விகிதமும் பெயர்ப்பலகையும் உடனே மாறுகின்றன. மண்ணுக்கு அடியில் உள்ளவை அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வேலை தேடி வருவோருக்காகக் கட்டப்பட்ட வாடகை வரிசை வீடுகள் இப்பகுதியின் அடையாளம். பத்து அறைகளுக்கு ஒரு செப்டிக் டேங்க், அதுவும் போதாத இடத்தில் உறை இறக்கிய குழி என்பதே இத்தகைய குடியிருப்புகளின் வழக்கமான ஏற்பாடு. அவை நிரம்பினால் உறிஞ்சு லாரி வருகிறது. லாரியின் குழாய் எட்டாத சந்திலும், அடியில் இறுகிய கசடு உறிஞ்ச முடியாத நிலையிலும், ஓர் ஆள் தேடப்படுகிறார். அந்த ஆள் எந்தச் சாதியைச் சேர்ந்தவராக இருப்பார் என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை.

ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தின்கீழ் 3,000-க்கும் மேற்பட்ட நகர உள்ளாட்சிகளில் கழிவுநீர்த் தடம், செப்டிக் டேங்க் பணியாளர்கள் கணக்கெடுக்கப்பட்டனர். 2024-இல் வெளிவந்த விவரப்படி, பதிவான ஏறத்தாழ 38,000 பேரில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். பழங்குடியினரையும் பிற பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் 91.9 விழுக்காடு. தமிழ்நாட்டின் மேற்குப் பகுதியில் இப்பணி அருந்ததியர் மீதும், எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் மாதிகர் மீதும் சுமத்தப்பட்டிருக்கிறது. மாநில எல்லை மாறும்போது பணியின் பெயர் தூய்மைப் பணியாளர், பௌரகார்மிகர் என்று மாறுகிறது. செய்பவரின் சமூக இடம் மாறுவதில்லை.

சட்டம் சொல்வதும் நடப்பதும்

கையால் மலம் அள்ளும் பணிக்கு எதிரான முதல் சட்டம் 1993-இல் வந்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைவிட விரிவானது. அதன் 7-ஆம் பிரிவு கழிவுநீர்த் தடத்திலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்கி ஆபத்தான முறையில் சுத்தம் செய்வதைத் தடை செய்கிறது. 9-ஆம் பிரிவு முதல் குற்றத்துக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் இவ்வாறு இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் பத்து இலட்சம் ரூபாய் தரவேண்டும் என்றது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது.

ஆயினும், 1993 முதல் அரசே ஒப்புக்கொண்ட கழிவுநீர்க் குழி மரணங்கள் நாடு முழுவதும் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. அப்பட்டியலில் தமிழ்நாடே முதலிடத்தில் இருந்து வந்திருக்கிறது. 2019 மார்ச்சில் திருப்பெரும்புதூர் அருகே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தொட்டியில் ஆறு பேர் இறந்தனர். 2022 ஏப்ரலில் மதுரையில் கழிவுநீரேற்று நிலையத்தில் மூவர் இறந்தனர். 2025 மே மாதம் திருப்பூர் மாவட்டம் கரைப்புதூரில் ஒரு சாயப்பட்டறையின் தொட்டியில் மூன்று தலித் தொழிலாளர் இறந்தனர். ஒன்று குடியிருப்பு, ஒன்று அரசு நிலையம், ஒன்று ஆலை. ஜூஜுவாடி போன்ற ஊரில் இம்மூன்றும் சில கிலோமீட்டருக்குள் அருகருகே இருக்கின்றன.

சட்டத்தில் அதிகம் பேசப்படாத பிரிவு ஒன்று உண்டு. 33-ஆம் பிரிவு, தன் கட்டுப்பாட்டிலுள்ள கழிவுநீர்த் தடங்களையும் தொட்டிகளையும் சுத்தம் செய்வதில் மனிதர் மலத்தைக் கையாளும் தேவையே எழாதபடி உரிய தொழில்நுட்பக் கருவிகளைப் பயன்படுத்துவதை உள்ளாட்சியின் கடமையாக்குகிறது. கருவியைப் பயன்படுத்துவது கடமை எனில், கருவி நுழைந்து வேலை செய்யக்கூடிய தடத்தை அமைப்பதும் அக்கடமையின் பகுதியாகவே இருக்க முடியும். இயந்திரம் நுழைய முடியாத தடத்தைப் பொது நிதியில் கட்டிவிட்டு இயந்திரம் வாங்கி நிறுத்துவது சட்டத்தை நிறைவேற்றுவதாகாது. குழாய் பற்றிய கேள்வி சட்டக் கேள்வியாக மாறுவது இங்குதான்.

எல்லாக் குழாயும் ஒன்றல்ல

இன்று புதிதாகப் பதிக்கப்படும் கழிவுநீர்க் குழாய்களில் பெரும்பகுதி பிளாஸ்டிக். அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. தேங்கிய கழிவுநீரில் காற்றில்லா நிலையில் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகிறது. அது குழாயின் மேற்பகுதி ஈரத்தில் கந்தக அமிலமாக மாறி கான்கிரீட்டை அரிக்கிறது. பிளாஸ்டிக்கை அது அரிப்பதில்லை. உட்புறம் வழவழப்பாக இருப்பதால் கசடு ஒட்டுவதும் குறைவு. எடை குறைவு என்பதால் குறுகிய தெருவிலும் எளிதில் இறக்கலாம். ஆனால் குழாயை அரிக்காத அதே வாயுதான் மனித நுரையீரலைச் சில நொடிகளில் செயலிழக்கச் செய்கிறது. அழுகிய முட்டை நாற்றத்தால் அதை அறியலாம் என்பது அரை உண்மை. செறிவு கூடியதும் அது முகரும் திறனையே மரத்துப்போகச் செய்துவிடுகிறது. ஆகவே குழாய் நீடித்து உழைப்பது மட்டும் போதாது. அதனுள் நீர் தேங்காதிருக்க வேண்டும்.

பிளாஸ்டிக் குழாய் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு பயன்பாட்டுக்கான பொருள்கள் விற்கப்படுகின்றன. இந்திய தர நிர்ணய அமைவனம் இவற்றைத் தனித்தனி எண்களால் பிரித்திருக்கிறது. ஐ.எஸ். 4985 குடிநீர்க் குழாய்க்கு உரியது. ஐ.எஸ். 13592 வீட்டின் உள்ளும் புறமும் கழிப்பறை, குளியலறை நீர் இறங்கும் குழாய்க்கு உரியது; அதில் ஏ வகை மழைநீருக்கும் காற்றோட்டத்துக்கும், சுவர் தடிமன் கூடிய பி வகை மலக்கழிவுக்கும் ஆனவை. மண்ணுக்கு அடியில் தெருவோடு செல்லும் தடத்துக்கு உரியது ஐ.எஸ். 15328. வெளியே வரிவரியாகவும் உள்ளே வழவழப்பாகவும் இருக்கும் இரட்டைச் சுவர்க் குழாய், ஒப்பந்ததாரர் மொழியில் டி.டபிள்யூ.சி. பைப், ஐ.எஸ். 16098 இரண்டாம் பகுதியின் கீழ் வருகிறது.

தெருத்தடக் குழாய்களில் எஸ்.என். 4, எஸ்.என். 8 என்று அச்சிடப்பட்டிருப்பது அவற்றின் வளைய விறைப்பைக் குறிக்கிறது. மேலே மண்ணும் லாரியும் அழுத்தும்போது குழாய் எவ்வளவு நசுங்காமல் நிற்கும் என்பதற்கான அளவு அது. சரக்கு வாகனங்கள் இரவும் பகலும் ஓடும் சிப்காட் சாலையில் கூடிய எண் தேவைப்படும். நடைபாதைச் சந்தில் குறைந்த எண் போதலாம். மழைநீருக்கான மெல்லிய குழாயை மலத்தடத்தில் புதைப்பதும், லாரி ஓடும் சாலையில் விறைப்புக் குறைந்த குழாயை இடுவதும் ஒப்பந்ததாரருக்கு அன்றே கிடைக்கும் மிச்சம். குழாய் நசுங்கி அடைபடும்போது அந்த மிச்சத்துக்கான விலையை வேறொருவர் தருகிறார்.

விட்டத்திலும் இதே ஏமாற்று நடக்க இடமுண்டு. பொதுத்தடத்துக்குக் குறைந்தது 200 மில்லிமீட்டர் என்பது ஒன்றிய அரசின் கழிவுநீர் அமைப்புக் கையேடு கூறும் பொது அளவு. இரட்டைச் சுவர்க் குழாய்களில் சில வெளிவிட்டத்தாலும் சில உள்விட்டத்தாலும் பெயரிடப்படுகின்றன. ஒப்பந்தத்தில் எந்த விட்டம் என்று எழுதாவிட்டால், வெளியே 200 உள்ள குழாய் வந்து இறங்கும். கழிவு ஓடும் உள்வெளி அதைவிடக் குறைவாக இருக்கும்.

தொழிற்பேட்டைக்கு இன்னொரு எச்சரிக்கை தேவை. பி.வி.சி. குழாய் வெப்பத்தில் இளகும். ஆலையின் சூடான கழிவுநீரை வீட்டுத்தடத்தில் இணைத்தால் குழாய் தன் வடிவை இழக்கும். அமிலம் கலந்த ஆலைக்கழிவு, சல்பைடு நிறைந்த மலக்கழிவுடன் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு ஒரே வீச்சில் வெளியேறும். வீட்டுத்தடத்தில் ஆலைக்கழிவைக் கள்ளத்தனமாக இணைப்பதை நாம் மாசுக்கட்டுப்பாட்டு விதிமீறல் என்று மட்டுமே எழுதிப் பழகியிருக்கிறோம். அத்தடத்தில் ஆள் இறங்கும் ஊரில் அது கொலைக்கான ஏற்பாடும் ஆகும்.

பள்ளத்துக்குள் நடப்பது

சரியான குழாயை வாங்கித் தவறாகப் பதித்தால் பயனில்லை. 200 மில்லிமீட்டர் தடத்துக்குக் கையேடு கூறும் குறைந்த வாட்டம் ஏறத்தாழ 250-க்கு ஒன்று. அதாவது நூறு மீட்டரில் நாற்பது சென்டிமீட்டர் இறக்கம். ஆறு மீட்டர் நீளமுள்ள ஒரு குழாய்க்கு இது இரண்டரை சென்டிமீட்டர்கூட வராது. கண்ணளவில் பிடிக்கக்கூடிய இறக்கம் அன்று இது. மட்டக்கருவி வைத்து ஒவ்வொரு குழாய்க்கும் அளந்தாக வேண்டும். வீட்டிலிருந்து தெருவுக்கு வரும் 110 மில்லிமீட்டர் இணைப்புக்கு இன்னும் கூடிய வாட்டம் வேண்டும். கொத்தனார்கள் வழக்கமாகக் கொள்ளும் நாற்பதுக்கு ஒன்று என்ற கணக்கில் பத்து மீட்டருக்கு இருபத்தைந்து சென்டிமீட்டர் இறங்கும். நாளின் உச்ச ஓட்டத்தில் நீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்தையாவது எட்டினால்தான் கசடு தானாக அடித்துச் செல்லப்படும். எட்டாவிட்டால் மலம் படியும், அழுகும், வாயு சேரும், அடைப்பு வரும், ஆள் கூப்பிடப்படுவார்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மண் இதில் ஒரு சிக்கலைச் சேர்க்கிறது. ஓசூர் மேட்டுநிலத்தில் சிறிது தோண்டினாலே பாறை தட்டும் இடங்கள் பல. பாறையை வெட்டிய பள்ளத்தின் அடி கூர்முனைகளோடு இருக்கும். அதன்மேல் பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் மணலோ நுண்ஜல்லியோ பரப்பிச் சமன்செய்யாமல் குழாயை இறக்கினால், சுமை ஓரிரு புள்ளிகளில் மட்டும் அழுந்தும். பிளாஸ்டிக் குழாய் தன் வலிமையில் பெரும்பகுதியைச் சுற்றியுள்ள மண்ணிடமிருந்தே பெறுகிறது. இரு பக்கமும் மணலிட்டு இறுக்காமல், ஜே.சி.பி. கொண்டு கல்லும் கட்டியுமாகத் தள்ளி மூடினால் குழாய் முட்டை வடிவமாக நசுங்கும். விட்டத்தில் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் நசுங்கலாகாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. 200 மில்லிமீட்டர் குழாயில் அது ஒரு சென்டிமீட்டர் மட்டுமே. பாறையை வெட்டும் செலவைக் குறைக்க ஆழத்தைக் குறைத்தால் வாட்டம் போய்விடும், மேலே காப்பாக இருக்கவேண்டிய மண்ணும் போய்விடும்.

இணைப்பும் அப்படியே. ரப்பர் ரிங்கைச் சுத்தமாகப் பொருத்தாமல் மணலோடு திணித்தால் அந்த மூட்டு வழியாக வேரும் மண்ணும் உள்ளே வரும், கழிவு வெளியே கசிந்து அருகிலுள்ள குடிநீர்க் குழாயைத் தொடும். இவை எவையும் பள்ளம் மூடியபின் கண்ணுக்குத் தெரியா. தார் போட்ட சாலையும் திறப்பு விழாவின் கல்வெட்டும் மட்டுமே தெரியும்.

சேம்பர் யாருக்காக

ஆள்நுழைகுழிகளை எங்கு வைப்பது என்பது நேரடியான சாதிக் கேள்வி. தடம் திரும்பும் இடம், வாட்டம் மாறும் இடம், விட்டம் மாறும் இடம், தடங்கள் சேரும் இடம் என எல்லாவற்றிலும் ஒன்று வேண்டும். சிறு விட்டக் குழாயில் நேர்த்தடத்திலும் முப்பது மீட்டருக்கு ஒன்று என்பது மரபான வரம்பு. இடைவெளியை நீட்டினால் செலவு குறையும். நடுவில் அடைபட்டால் மூங்கில் பத்தையும் கம்பியும் எட்டாது. உயரழுத்த நீர்பாய்ச்சும் பெரிய வாகனம் சந்துக்குள் வராது. மிஞ்சுவது ஆள்.

2020 நவம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய சபாய்மித்ரா சுரக்ஷா சவால், 243 நகரங்களில் குழிகளில் மனிதர் இறங்குவதை ஒழித்து இயந்திரத்துக்கு மாற்றுவதாக அறிவித்தது. ‘மேன்ஹோல்’ என்பதை ‘மெஷின்ஹோல்’ என்று அழைக்கவும் சொன்னது. பெயரை மாற்றுவது எளிது. 2017-இல் ஐதராபாத்தில் குறுகிய சந்துகளுக்கென வடிவமைத்த எழுபது சிறு இயந்திர வாகனங்கள் இயக்கத்துக்கு வந்தன. 2024-இல் சென்னையில் 213 தூய்மைப் பணியாளர்களை இயந்திர வாகனங்களின் உரிமையாளர்களாக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. குழிக்குள் இறங்கியவரை இயந்திரத்தின் உடைமையாளராக்கும் இத்தகைய முயற்சிகளை நாம் வரவேற்கிறோம். அவை வெற்றி பெற வேண்டுமானால், இயந்திரத்தின் குழல் எட்டும் தூரத்தில் திறப்பும், வாகனம் நிற்க இடமும் தடம் வரையும்போதே முடிவாகியிருக்க வேண்டும்.

நவீனம் தானாகவே சாதியை ஒழித்துவிடும் என்ற நம்பிக்கைக்கு ஓசூருக்கு அருகிலேயே ஒரு மறுப்பு இருக்கிறது. எல்லைக்கு அப்பாலுள்ள கோலார் தங்கவயலுக்கு 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. ஆசியாவில் மிக முன்னதாக மின்சாரம் கண்ட இடங்களில் அதுவும் ஒன்று. அதே தங்கவயலில்தான் உலர் கழிப்பறைகளும் அவற்றை அள்ளும் தலித் குடும்பங்களும் பல பதிற்றாண்டுகள் நீடித்தன. அத்தகைய ஒரு குடும்பத்தில் பிறந்த பெஜவாடா வில்சன் அங்கிருந்தே தம் போராட்டத்தைத் தொடங்கினார். சபாய் கரம்சாரி ஆந்தோலனை உருவாக்கினார். 2016-இல் மகசேசே விருது பெற்றார். சுரங்கத்தின் ஆழத்துக்கு மின்விளக்கு சென்ற ஊரில், மலத்தை அள்ளுபவருக்கு மட்டும் தொழில்நுட்பம் எட்டவில்லை. புதிய குழாயும் அப்படியே எட்டாமல் போகக்கூடும்.

தடம் முடியும் இடம்

குழாய்த்தடம் எங்கே முடிகிறது என்பது மீதமுள்ள கேள்வி. ஊரின் மேட்டில் தெருக்களும் பள்ளத்தில் சேரியும் அமைந்த நிலத்தில், புவியீர்ப்பைச் சொல்லியே கழிவைச் சேரியின் பக்கம் திருப்பிவிட முடிகிறது. நீரேற்று நிலையம் அமைக்க இடம் தேடும்போது காலனிக்குப் பக்கத்துப் புறம்போக்கே முதலில் கண்ணில் படுகிறது. முதல் கட்டத்தில் முதன்மைச் சாலைகள், நிதி மிஞ்சினால் அடுத்த கட்டத்தில் காலனி என்ற வரிசை நமக்குப் பழகிப்போன ஒன்று. ஊரின் கழிவு நம் வாசல் வழியாக ஓடுகிறது. நம் வீட்டு இணைப்பு மட்டும் அடுத்த திட்டத்துக்குத் தள்ளப்படுகிறது.

இதைப் புரிந்துகொள்ள ஓசூர் மக்களுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. பெங்களூரின் கழிவு தென்பெண்ணையில் கலந்து கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரையாகப் பொங்கும் காட்சியை அவர்கள் ஆண்டுதோறும் காண்கிறார்கள். மேலே உள்ள பெருநகரம் கீழே உள்ள ஊரின் மீது கழிவைத் தள்ளுவதை அநீதி என்று மாநிலம் முழுவதும் ஏற்கிறது. அதே ஊர் தன் சேரியின் மீது தள்ளும்போது அதற்கும் அப்பெயரைத் தர வேண்டும்.

எல்லைப்புறம் என்பதால் பொறுப்பு நழுவும் வழிகளும் கூடுகின்றன. தொட்டி ஒரு மாநிலத்தில், லாரி உரிமையாளர் இன்னொரு மாநிலத்தில், தொழிலாளி மூன்றாவது மாவட்டத்தில் என்றிருக்கலாம். கட்டட உரிமையாளர், குத்தகைதாரர், துணை ஒப்பந்ததாரர் என்று ஒருவர் மற்றவரைச் சுட்டலாம். சட்டம் இதற்கு இடம் தரவில்லை. பணியமர்த்திய ஒவ்வொருவரும் குற்றவாளியே. தொழிலாளி பட்டியல் சாதியினர் எனில் 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜே) பிரிவும் பொருந்தும்.

செலவு என்ற வாதம்

கூடிய விறைப்புள்ள குழாயும் நெருக்கமான சேம்பர்களும் செலவைக் கூட்டும், நிதி போதாது என்று சொல்லப்படும். செலவு கூடும் என்பது உண்மை. ஆனால் மலிவான தடமும் செலவு இல்லாத தடம் அன்று. அதன் பராமரிப்புச் செலவு மாநகராட்சியின் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டு, நாட்கூலிக்கு வரும் ஒருவரின் உடலில் எழுதப்படுகிறது. அந்த உடல் எளிதில் கிடைக்கும் என்று சாதி உறுதியளிப்பதால்தான் மலிவான வடிவமைப்பு கட்டுப்படியாகிறது. ஆள் இறங்கவே மாட்டார் என்ற நிலை உண்மையில் நிலவினால், எந்தப் பொறியாளரும் வாட்டமில்லாத தடத்துக்குக் கையெழுத்திடத் துணியமாட்டார்.

ஆகவே, ஜூஜுவாடியிலும் ஓசூர் மாநகராட்சியின் பிற விரிவாக்கப் பகுதிகளிலும் பதிக்கப்படும் ஒவ்வொரு கழிவுநீர்த் தடத்துக்கும் நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை. குழாயின் தர எண், விறைப்பு எண், உள்விட்டம், வாட்டம், சேம்பர் இடைவெளி ஆகியவை பணியிடத்திலேயே தமிழிலும், தெலுங்கு, கன்னடம் பேசுவோர் வாழும் தெருக்களில் அம்மொழிகளிலும் பலகையில் எழுதப்பட வேண்டும். ஆள் இறங்காமல் பராமரிக்க முடியும் என்று வடிவமைத்த பொறியாளர் எழுத்தில் சான்றளித்த பின்னரே திட்டத்துக்கு ஒப்புதல் தரப்பட வேண்டும். தடத்தை வரையும் கட்டத்திலேயே தூய்மைப் பணியாளர் பிரதிநிதிகளின் கருத்தைக் கேட்க வேண்டும். எங்கே அடைபடும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் இல்லை. காலனியின் வீட்டு இணைப்புகள் முதல் கட்டத்திலேயே முடிக்கப்பட வேண்டும். வாடகை வரிசை வீடுகளுக்கு அனுமதி தரும்போது, உறிஞ்சு லாரி எட்டும் இடத்தில்தான் தொட்டி உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

பள்ளம் மூடப்படும் முன் மக்கள் முன்னிலையில் சோதனை நடக்க வேண்டும். இரு சேம்பர்களுக்கு இடையே ஒரு முனையில் விளக்கும் மறுமுனையில் கண்ணாடியும் வைத்துப் பார்த்தால், குழாய் நேராக இருக்கிறதா, இடையில் தொய்ந்திருக்கிறதா என்பது முழு வட்டமாகத் தெரியும் ஒளியிலேயே விளங்கிவிடும். நீர் நிரப்பி மூட்டுகளில் கசிவு பார்ப்பதும், விட்டத்தைவிடச் சற்றே சிறிய பந்தை உருட்டி மறுமுனையில் எடுப்பதும் நெடுங்காலமாக நடைமுறையில் உள்ள எளிய முறைகளே. இவற்றுக்குப் பெரிய கருவியோ பட்டமோ தேவையில்லை. வார்டு உறுப்பினரும், குடியிருப்போர் சங்கமும், தலித் அமைப்புகளும் இச்சோதனையின்போது உடனிருக்கும் உரிமையைக் கேட்க வேண்டும். அதன் முடிவு எழுதப்படாமல் ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்கப்படலாகாது.

இழப்பீட்டுக்கும் தண்டனைக்குமான போராட்டங்கள் தொடரும். அவற்றோடு ஒப்பந்தப்புள்ளித் தாளைப் படிப்பதும், வாட்டத்தை அளப்பதும் நம் இயக்கப் பணிகளாக வேண்டும். ஓசூரில் அடுத்த தெருவுக்குக் குழாய் வந்து இறங்கும் நாளில், அதன்மேல் அச்சிடப்பட்ட எண்ணைப் படித்துப் பார்ப்பதிலிருந்து இதைத் தொடங்கலாம்.